சம்பளம் மாசாமாசம், நெல் பணம் போகத்துக்கு ஒருமுறை: கிரெடிட் கார்டு வாங்கலாமா?

குடமுருட்டிக்கரை:

வணக்கம். பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். கும்பகோணத்தில் தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், மாதம் 28,000 கைக்கு வருகிறது. அப்பாவுக்கு ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர். தண்ணீர் ஒழுங்காக வந்தால் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் உண்டு, இல்லாவிட்டால் ஒருபோகச் சம்பாதான். கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடன் தவிர வீட்டில் வேறு கடன் கிடையாது. அதையும் அறுவடை முடிந்ததும் அப்பா முதல் வேலையாகக் கட்டிவிடுவார். கடைசிவரை இப்படியே இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

இப்போது சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் 90,000 ரூபாய் லிமிட்டில் ஒரு கார்டு தருகிறோம் என்று தொடர்ந்து கேட்கிறார்கள். ஆபீஸில் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள், ஒருத்தர் நல்ல சௌகரியம் என்கிறார், இன்னொருத்தர் மாசம் பொறந்தால் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அப்பாவிடம் சொன்னதற்கு, "பேர்லயே கடன்னு இருக்கு, அது எதுக்குப்பா நமக்கு" என்று முடித்துவிட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஒரு ரூபாய் வட்டி கட்டாமல், வரவுக்குள்ளேயே செலவு செய்துகொண்டு, இதை வருஷக்கணக்கில் வைத்திருக்க உண்மையிலேயே முடியுமா? அப்படி வைத்திருக்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? பொதுவான அறிவுரை வேண்டாம், நடைமுறையைச் சொல்லுங்கள்.

வெண்ணாறு:

தம்பி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், தஞ்சாவூரில் இருக்கிறேன். முடியும். ஆனால் அதற்கு முதலில் பில் எப்படி ஓடுகிறது என்று கணக்கு எழுதுகிறவர் கண்ணோடு பார்க்க வேண்டும். உங்களுக்கு அது சுலபம்.

பில் போடும் தேதி மாதம் 15, கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 16 அன்று வாங்கிய பொருள் ஜூலை 15 பில்லில் வரும், ஆகஸ்ட் 5க்குள் கட்டினால் போதும், ஏறக்குறைய 50 நாள் கிடைத்தது. அதே பொருளை ஜூலை 14 அன்று வாங்கினால் அதுவும் அதே பில்தான், ஆகஸ்ட் 5தான், வெறும் 22 நாள். "50 நாள் வட்டியில்லை" என்று விளம்பரத்தில் சொல்வது இதில் அதிகபட்சத்தை மட்டும் எடுத்துச் சொல்வது.

பில் வரும்போது போனில் வருகிற குறுஞ்செய்தியைக் கவனியுங்கள். அதில் இரண்டு தொகை இருக்கும், மொத்தம் இவ்வளவு, குறைந்தபட்சம் இவ்வளவு என்று. 20,000 பில்லுக்குக் குறைந்தபட்சம் 1,000 என்று காட்டும், பெரும்பாலும் ஐந்து சதவீதம்தான் கணக்கு. அந்த ஆயிரத்தைக் கட்டிவிட்டால் யாரும் போன் போட மாட்டார்கள், தாமதக் கட்டணமும் இல்லை, பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும். மீதி 19,000க்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 665 ரூபாய் வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 120, ஆக 785. அடுத்த மாதம் நீங்கள் இன்னொரு ஆயிரம் கட்டினால் அசலில் கழிவது 215 ரூபாய்தான். இதுகூடக் குறைத்துச் சொன்ன கணக்கு, ஏனென்றால் முழுசாகக் கட்டாவிட்டால் வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். அதோடு புதிதாக வாங்குகிற பொருளுக்கும் அந்த வட்டியில்லா நாட்கள் போய்விடும், தேய்த்த அன்றே வட்டி ஆரம்பம். இது நிறையப் பேருக்குத் தெரியாது, கவுண்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இது மூன்றரை வட்டி. அடகுக் கடையில் நகை வைத்தால் ஒன்றரை, இரண்டு என்கிறார்கள், அதற்கே அழுகிறோம். வங்கியில் நகைக்கடன் வருஷத்துக்கே ஒன்பது பத்து சதவீதம் என்ற அளவில் கிடைக்கிறது, கார்டில் வருஷத்துக்கு 42. உச்சவரம்பும் கிடையாது. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமில்லை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

ஆகவே ஒரே ஒரு ஏற்பாடு போதும். தானியங்கிப் பற்று என்று கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் வசதியைப் போடுங்கள், போடும்போது "மொத்தத் தொகை" என்பதைத் தேர்வு செய்யுங்கள். சில படிவத்தில் குறைந்தபட்சத் தொகையில் டிக் அடித்தே வரும், பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் மாதாமாதம் ஆயிரம் ஆயிரமாகப் போய்க்கொண்டிருக்கும், நாம் கட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அதற்கு வட்டியில்லா நாள் ஒன்றுகூடக் கிடையாது, மேலே இரண்டரை சதவீதம் போலக் கட்டணம் வேறு.

மன்னை செல்வி:

வெண்ணாறு ஐயா வங்கிப் பக்கம் சொல்லிவிட்டார், நான் வீட்டுப் பக்கம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரருக்கு அரசு வேலை, மாமனாருக்கு நிலம். கார்டு என் கையில்தான், சில வருஷமாக. வட்டி என்று ஒன்று கட்டியதில்லை.

நான் செய்வது இவ்வளவுதான். சம்பளக் கணக்கு ஒன்று, அது தவிர சும்மா கிடந்த பழைய சேமிப்புக் கணக்கு ஒன்று. மன்னார்குடியில் மளிகைக்குக் கார்டைத் தேய்த்து 3,460 ஆனது என்றால், பை எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்குவதற்குள் போனில் சம்பளக் கணக்கிலிருந்து அந்தப் பழைய கணக்குக்கு அதே 3,460ஐ மாற்றிவிடுவேன். பில் வந்தால் அந்தக் கணக்கிலிருந்து கட்டுகிறேன். பில் தொகையும் அந்தக் கணக்கில் இருக்கிற தொகையும் ஒன்றாகத்தான் இருக்கும், ரூபாய் சுத்தமாக. ஒத்துவரவில்லை என்றால் எங்கேயோ கட்டணம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், உடனே தெரிந்துவிடும். ஒருமுறை கேட்காத இன்சூரன்ஸ் ஒன்றுக்குச் சின்னத் தொகை ஏறியிருந்தது, இப்படித்தான் பிடித்தேன், கேட்டதும் திருப்பிப் போட்டார்கள்.

சம்பளக் கணக்கில் மாற்றுவதற்குப் பணம் இல்லையா, அப்போது கார்டையும் எடுப்பதில்லை. இந்த ஒரு விதியில்தான் எல்லாமே நிற்கிறது.

எதெதற்குத் தேய்ப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும் தம்பி. எனக்கு மளிகை, கரண்ட் பில், கேஸ், மருந்து, பையன் ஸ்கூல் பீஸ், அவ்வளவுதான். இவை எல்லாம் கார்டு இல்லாவிட்டாலும் செய்யப்போகிற செலவு. புடவைக்கடைக்குப் போகும்போது கார்டை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவேன். கையில் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வருகிற ஒரு தயக்கம் இருக்கிறதே, அது தேய்க்கும்போது யாருக்கும் வருவதில்லை, எனக்கும் வராது. அதனால் தேவையென்று முன்பே தெரிந்த செலவுக்கு மட்டும் கார்டு, மனசு ஆசைப்படுகிற செலவுக்கு எப்போதும் ரொக்கம்.

லாபம் எவ்வளவு என்றும் கேட்பீர்கள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மாதம் 12,000 செலவுக்கு ஒரு சதவீதம் திரும்ப வந்தால் 120 ரூபாய், வருஷத்துக்கு 1,440. ஆண்டுக் கட்டணம் 500 என்றால் ஜிஎஸ்டியோடு 590 அதில் போய்விடும். ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டாகக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள். அப்புறம் ரிவார்டு பாயின்ட் சேர்வதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவு செய்யாதீர்கள்.

நன்னிலம் விவசாயி:

நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். மாதச் சம்பளம் வருகிறவர்களுக்கு மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் உங்கள் வீட்டில் நிலம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கார்டு கொடுக்கிற தவணை அதிகம் போனால் 50 நாள். குறுவை ரகமே 110, 115 நாள். சம்பாவில் நீண்டகால ரகம் போட்டால் 150 நாளைத் தாண்டும். நாற்றங்கால் விட்டது முதல் நெல் பணம் கணக்கில் ஏறும்வரை இடையில் நாலைந்து கார்டு பில் வந்து போகும். உரத்துக்குத் தேய்த்தால் அந்த உரம் பயிருக்குப் போய்ச் சேர்ந்து பச்சை கட்டுவதற்குள் பில் வந்துவிடும், நெல் எங்கே இருக்கிறது கட்ட?

இன்னொன்று, நெல் பணம் வரும் தேதி நம் கையில் இல்லை. தை மாசி அறுவடையில் பனியும் திடீர் மழையும் சேர்ந்தால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்காது, களத்தில் கொட்டிக் காயவைத்துக் கிளறிக்கொண்டு கிடப்போம். கொள்முதல் நிலையத்தில் நம் முறை வரவேண்டும், சாக்கு வரவேண்டும், லாரி வரவேண்டும். அப்புறம்தான் பணம். கார்டின் கடைசி நாளுக்கு இது எதுவும் தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் வயல் மூழ்கினால் அந்தப் போகத்தில் பணமே இல்லை, ஆனால் பில் உண்டு.

எங்கள் தெருவில் ஒருவர் அறுவடை வந்தால் கட்டிவிடலாம் என்று டிராக்டர் ரிப்பேருக்கு 40,000 தேய்த்தார். அந்த வருஷம் மழையில் பாதிதான் கண்டது. குறைந்தபட்சத் தொகை, குறைந்தபட்சத் தொகை என்று கட்டிக்கொண்டே போய், கடைசியில் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அதை மூட முடிந்தது. நல்ல மனிதர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. சம்பளக்காரர்களுக்குப் போட்ட கணக்கை நெல்லுக்குப் போட்டார், அதுதான் நடந்தது. அதனால்தான் உங்கள் அப்பா சொல்வதில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது.

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நன்னிலம் அண்ணன், கோபமெல்லாம் இல்லை, நீங்கள் சொன்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால் அடுத்த குறுவைக்கு டிஏபி, பொட்டாஷ் உரம் வாங்கவும் நடவுக்கூலி முன்பணத்துக்கும் இது உதவும் என்று மனதுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. சங்கத்தில் கடன் பணம் கைக்கு வரக் கொஞ்சம் தாமதம் ஆகும், அந்த இடைவெளிக்கு. அப்போது அதற்கு என்ன வழி?

நன்னிலம் விவசாயி:

விவசாயத்துக்கு விவசாயக் கடன்தான். கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடன் தமிழ்நாட்டில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை, உங்கள் அப்பா அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். வங்கியில் வேண்டுமானால் கிசான் கிரெடிட் கார்டு. பெயரில் கிரெடிட் கார்டு என்று இருந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் அதில் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4 சதவீதம்தான் கையை விட்டுப் போகும், வருஷத்துக்கு. கட்டும் கெடுவையும் பயிர்க்காலத்தை வைத்துத்தான் போடுவார்கள். ஒரே நிலத்துச் சிட்டா அடங்கலை வைத்துச் சங்கத்திலும் வங்கியிலும் இரண்டு பக்கம் வாங்க முடியாது, எது தோது என்று பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நடவுக்கூலி, அறுவடை மெஷின் வாடகை இதெல்லாம் ரொக்கம்தான், கார்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஏடிஎம்மில் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், வெண்ணாறு ஐயா மேலே சொன்னதுதான். சங்கக் கடன் வரும்வரையான இடைவெளிக்கு நான் செய்வது, நெல் பணம் வந்ததும் அடுத்த போகத்து உழவு, விதை, முதல் உரம் மூன்றுக்கும் ஆகிற தொகையைத் தனியே வைப்புநிதியில் போட்டுவிடுவது. வீட்டில் எந்தச் செலவு வந்தாலும் அது வயலின் பணம், அதைத் தொடுவதில்லை. ஒரே போகத்தில் முழுசாகச் சேராது. முதல் வருஷம் விதைக்கு மட்டும், அடுத்த வருஷம் உழவும் சேர்த்து, இப்படித்தான் நானும் சேர்த்தேன்.

கீழவாசல் கடைக்காரர்:

தஞ்சாவூரில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். கார்டு வந்ததும் முதலில் மாட்டிக்கொள்கிற இடம் எங்கள் கடை மாதிரி இடம்தான், அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

தீபாவளி சமயத்தில் "வட்டியில்லாத் தவணை" என்று போர்டு வைப்போம். 24,000 பிரிட்ஜ், ஆறு மாதம், மாதம் 4,000. வட்டியை முன்னதாகவே தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள், அது சரிதான். ஆனால் அந்த வட்டித் தொகைக்கு ஜிஎஸ்டி உங்கள் பில்லில் வரும், பல வங்கிகளில் செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று தனியாக வரும். ரொக்கமாக வாங்கினால் நான் குறைத்துக் கொடுக்கிற தொகையும் இதில் கிடைக்காது. கேட்டுப் பாருங்கள், எந்தக் கடையிலும் ரொக்கத்துக்கு ஒரு விலை உண்டு.

ஆனால் உண்மையான சிக்கல் அந்த நூறு இருநூறில் இல்லை. 4,000 என்று கேட்டதும் பிரிட்ஜோடு மிக்ஸியும் எடுத்துக்கொள்கிறார்கள், அடுத்த மாதம் செல்போனுக்கு ஒரு தவணை, அதற்கடுத்து வாஷிங் மெஷினுக்கு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, மூன்றும் சேர்ந்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்கிறது. என் வியாபாரத்துக்கு அது நல்லதுதான், ஆனாலும் பழகிய ஆள் என்றால் நானே சொல்லிவிடுவேன், ஆறு மாதம் சேர்த்துக்கொண்டு வாருங்கள், விலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று. சேர்த்துக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

கார்டு வாங்குவதாக இருந்தால் ரூபே கார்டாகக் கேளுங்கள். அதை யுபிஐயில் இணைத்துக் கடை க்யூஆரில் ஸ்கேன் செய்து கட்டலாம், கும்பகோணம் மாதிரி ஊரில் சின்ன மளிகைக் கடையில் கார்டு மெஷின் இருக்காது, க்யூஆர் இருக்கும். தனி ஆளுக்கு அனுப்ப முடியாது, கடைக்கு மட்டும்தான், அது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. போனில் டீ வாங்கப் பத்து ரூபாய் ஸ்கேன் செய்யும்போது பணம் சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறதா, கார்டிலிருந்து போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். செல்வி அக்கா சொன்ன முறைக்கு இந்தச் சில்லறைச் செலவெல்லாம் கார்டில் சேராமல் இருப்பதுதான் தோது.

மன்னை செல்வி:

ஆமாம், கடைக்காரர் சொல்வது சரி. நான் யுபிஐயில் சேமிப்புக் கணக்கைத்தான் முதலாவதாக வைத்திருக்கிறேன், கார்டு தேவைப்பட்டால் தேடி எடுக்கிற மாதிரி இரண்டாவதாக.

இன்னொன்று தம்பி, 90,000 லிமிட் உங்களுக்கு வேண்டியதில்லை. மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் அது. வங்கியின் செயலியிலேயே செலவு வரம்பை 20,000 என்று குறைத்து வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடிவைக்கலாம், ஏடிஎம்மில் எடுப்பதையும் மூடலாம். எனக்கு எப்போதும் மூடித்தான் இருக்கிறது.

குடமுருட்டிக்கரை:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. இப்படித்தான் நினைத்திருக்கிறேன்: வயல் செலவு ஒரு பைசாகூட இதில் வராது. மளிகை, கரண்ட், கேஸ், பாப்பாவின் ஸ்கூல் பீஸ் மட்டும். தனிக் கணக்கில் அன்றன்றே மாற்றிவிடுவது. ஆண்டுக் கட்டணம் இல்லாத ரூபே கார்டு. அப்பாவிடமும் இந்தப் பதில்களை எல்லாம் வாசித்துக் காட்டினேன், நன்னிலம் அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். வயலுக்கு இல்லை என்றால் உன் இஷ்டம் என்றார்.

வெண்ணாறு ஐயா, கடைசியாக இரண்டு சந்தேகம். எனக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி, சில மாதம் மூன்றாம் தேதி ஆகிவிடும். கடைசி நாள் 25ஆம் தேதி வாக்கில் விழுந்தால் கணக்கு காலியாக இருக்கிற நேரம், அதை மாற்ற முடியுமா? ஒரு வருஷம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் எப்படி மூடுவது? மூடவிடாமல் இழுத்தடிப்பார்கள் என்று ஆபீஸில் சொல்கிறார்கள்.

வெண்ணாறு:

இரண்டுக்கும் ரிசர்வ் வங்கியின் விதியிலேயே பதில் இருக்கிறது. பில் சுழற்சித் தேதியை ஒருமுறையாவது உங்கள் வசதிக்கு மாற்றித் தர வேண்டும், கேட்டால் கொடுத்தாக வேண்டும். பில் 17 அல்லது 18ஆம் தேதி விழுகிற மாதிரி கேளுங்கள், கடைசி நாள் 7, 8 என்று வரும், சம்பளம் மூன்றாம் தேதி வந்தாலும் இடிக்காது. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்பதும் அதே விதிதான். ஆனால் அந்த மூன்று நாளை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், வட்டிக்குக் கெடு தேதிதான் கணக்கு, மூன்று நாள் தாண்டிவிட்டால் சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவிலும் தாமத நாளைக் கெடு தேதியிலிருந்தே எண்ணுவார்கள்.

மூடுவதற்கு, பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும். ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். மூடாவிட்டால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். இந்த வரியை மின்னஞ்சலில் சேர்த்து எழுதினாலே வேலை நடந்துவிடும். மூடியதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கார்டு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கார்டு வந்த வாரத்திலேயே "லிமிட்டை உயர்த்தித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வரும். யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். தெரியாமல் பணம் போய்விட்டால் உடனே செயலியில் கார்டை நிறுத்திவிட்டு, வங்கிக்கும் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். உங்கள் தவறு இல்லாமல் வெளியாள் செய்த திருட்டு என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்திருந்தால் நட்டம் உங்கள் தலையில் விழாது. வீட்டில் அம்மா, உங்கள் மனைவி எல்லோருக்கும் இந்த எண்ணைச் சொல்லிவையுங்கள்.